‘ஜாவா மாற்றினேன்’ என்று ஒரே வரியில் முடிந்துபோன வருடம்

வாசகர் கேள்வி: அக்கா, வணக்கம். எனக்கு 31 வயது. சோழிங்கநல்லூரில் ஒரு பேமெண்ட் கம்பெனியில் பேக்எண்ட் வேலை, மொத்தம் எட்டு வருட அனுபவம். 2025 முழுக்க என்ன செய்தேன் என்று யோசித்தால் கையில் ஒன்றும் நிற்கவில்லை. வியாபாரிகளுக்குப் பணம் சேர்க்கும் பழைய செட்டில்மென்ட் சர்வீஸை ஜாவா மொழியின் 8ஆம் பதிப்பிலிருந்து 17க்கு, அதோடு வரும் ஸ்பிரிங் பூட் என்ற கட்டமைப்பை 2லிருந்து 3க்கு மாற்றினேன். மே மாதம் அதில் ஒரு தேதிப் பிரச்சினைக்கு மட்டும் மூன்று நாள் போனது, செப்டம்பர் தேதி கொடுத்தால் மட்டும் ஃபெயில் ஆகும் டெஸ்ட். ஆன்கால் (சர்வீஸ் விழுந்தால் எந்த நேரமும் போன் எடுக்கும் முறை) பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஜூலை, ஆகஸ்டில் அப்பாவுக்கு பைபாஸ், திருச்சிக்கும் சென்னைக்கும் அலைந்தேன். கடைசி நாலு மாதம் ஏ.ஐ. கொடுக்கிற ப்ரோகிராம் கோடை அப்படியே போட்டு ஒப்பேற்றினேன் என்றுதான் சொல்ல வேண்டும். என் டீமிலேயே இன்னொருவர் தானாகவே வேலை செய்யும் ஒரு ஏ.ஐ. ஏஜெண்டை டவுன்ஹாலில் (கம்பெனிக் கூட்டத்தில்) டெமோ காட்டி கைதட்டல் வாங்கினார். 20ஆம் தேதிக்குள் செல்ஃப் அப்ரைசல் எழுத வேண்டும். ஃபாரத்தைத் திறந்து திறந்து மூடுகிறேன். இந்த வருடம் வீணா? என்ன எழுதட்டும்?

தம்பிக்கு,

முதலில் அந்த ஃபாரத்தை மூடியே வையுங்கள், 20ஆம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஃபாரம் கேட்பது ஒன்று, நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்வது வேறொன்று. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பதில் எழுத உட்கார்ந்தால் ஒன்று, செய்யாததைச் செய்ததாகப் பீற்றிக்கொள்வீர்கள், இல்லாவிட்டால் பாவமன்னிப்பு மாதிரி எழுதி அனுப்பிவிட்டு சம்பள ஹைக் வரும்போது நொந்துகொள்வீர்கள். நான் இரண்டையுமே செய்திருக்கிறேன். 2009இல் நான் எழுதிக்கொடுத்ததைப் படித்துவிட்டு என் மேனேஜர், "ஏம்மா, இது ராஜினாமா லெட்டரா?" என்று கேட்டார்.

‘கையில் ஒன்றும் நிற்கவில்லை’ என்ற வரியை நான் நம்பவில்லை. உங்கள் கடிதத்திலேயே அதற்குப் பதில் இருக்கிறது, அந்த செப்டம்பர் டெஸ்ட்.

என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. ஜாவா 9 வந்தபோது மாதப் பெயர், தேதி வடிவம் போன்றவற்றை எடுக்கும் இடத்தையே மாற்றினார்கள். அதுவரை ஜாவாவுக்குள்ளேயே இருந்த பட்டியலை விட்டுவிட்டு எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுத் தரம் வகுக்கும் யூனிகோட்காரர்கள் பராமரிக்கும் பொதுப் பட்டியலுக்குப் போனார்கள். அப்புறம் ஜாவா 16இல் அந்தப் பட்டியலின் புதுப் பதிப்பு வந்தபோது, பிரிட்டன் ஆங்கில லொகேலில் (எந்த ஊர் வழக்கப்படி தேதி எழுதுவது என்ற அமைப்பு) செப்டம்பரின் சுருக்கம் மூன்றெழுத்திலிருந்து நாலெழுத்தாகிவிட்டது. பதினொரு மாதம் ஒழுங்காக ஓடும், ஒரே ஒரு மாதம் மட்டும் ‘இப்படி ஒரு மாதமே கிடையாது’ என்று எக்ஸெப்ஷன் அடிக்கும். நம் ஊரில் தேதி முன்னால், மாதம் பின்னால் வர வேண்டும் என்பதற்காக எவரோ பத்து வருடத்துக்கு முன் பிரிட்டன் லொகேலைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். 8லிருந்து 17க்கு ஒரே தாவலாகத் தாவியதால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழுந்தது. உங்களுடையதும் இதே கதையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், இல்லையென்றால் திருத்துங்கள்.

அந்த மூன்று நாளை நீங்கள் செலவழிக்காமல், நேரமில்லை என்று டெஸ்டை ‘இக்னோர்’ போட்டுவிட்டு ரிலீஸ் செய்திருந்தால் (நான் பார்த்த டீம்களில் பாதி அதைத்தான் செய்திருக்கும்), செப்டம்பர் 1ஆம் தேதி காலை என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். அன்று திங்கட்கிழமை. வங்கியிலிருந்து வரும் செட்டில்மென்ட் ஃபைலில் ஒவ்வொரு வரியிலும் அந்த மூன்றெழுத்து மாதம், ஒரு வரியைக்கூட சர்வீஸ் படித்திருக்காது. வியாபாரிகளுக்குப் பணம் போகாது. ஆகஸ்ட் முழுக்க நன்றாக ஓடியதே, நேற்று யாரும் ரிலீஸ்கூடப் போடவில்லையே என்று வார் ரூமில் பத்து பேர் விழித்துக்கொண்டிருப்பார்கள். நீங்களோ அப்பாவின் பைபாஸ் முடிந்து திரும்பிய கையோடு உட்கார்ந்து மே மாதம் மாற்றிய கோடைத் தோண்டிக்கொண்டிருப்பீர்கள். இதெல்லாம் நடக்கவில்லை. நடக்காததால் உங்களுக்கு ஞாபகமும் இல்லை. நடந்திருந்து, அன்று மாலைக்குள் சரி செய்திருந்தால் எல்லோருக்கும் ‘நன்றி’ மெயில் போயிருக்கும், உங்கள் பெயர் முதலில் இருந்திருக்கும், இந்த வருடம் வீணா என்று எனக்குக் கடிதமும் எழுதியிருக்க மாட்டீர்கள். நம் தொழிலில் இது ஒரு கேவலம்தான், எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

மற்ற மாற்றமும் சும்மா இல்லை. ஸ்பிரிங் பூட் 3க்குப் போனவர்கள் எல்லோருக்கும் தெரியும், கோடு முழுக்க ‘ஜாவாஎக்ஸ்’ என்று ஆரம்பிக்கும் இம்போர்ட்டுகள் (வெளியில் இருக்கும் கோடை உள்ளே அழைக்கும் வரிகள்) ‘ஜகார்த்தா’வாக மாற வேண்டும். ஏன்? 2017இல் பெரிய நிறுவனங்களுக்கான ஜாவா தொகுப்பான ஜாவா ஈ.ஈ.யை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் கொடுப்பதாக ஆரக்கிள் அறிவித்தது, ஆனால் ‘ஜாவா’ என்ற வணிகப் பெயரின் உரிமையைக் கொடுக்கவில்லை. பெயர்ச் சண்டை அமெரிக்காவில், ஃபைல் ஃபைலாக மாற்றுவது சோழிங்கநல்லூரில். தேடு-மாற்று போட்டால் முடிந்துவிடும் என்பார்கள். முடியாது, ஏனென்றால் அதே ‘ஜாவாஎக்ஸ்’ஸில் ஆரம்பிக்கும் எஸ்.க்யூ.எல்., கிரிப்டோ மாதிரி சில மாறவே கூடாது. பழைய லைப்ரரி ஒன்று உள்ளுக்குள் பழைய பெயரைப் பிடித்துக்கொண்டு, கம்பைல் ஆகிவிட்டு, ஓடும்போது கழுத்தை அறுக்கும். சரி, இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஃபாரத்தைத் தொடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கோடில் யார் எப்போது என்ன மாற்றினார் என்று காட்டும் கிட் லாக் கட்டளையில் ஆதர் என்ற இடத்தில் உங்கள் மெயிலையும் சின்ஸ் என்ற இடத்தில் 2025 ஜனவரி 1ஐயும் கொடுத்து ஓடவிடுங்கள். அதில் ரிவ்யூ வராது, நீங்கள் அடுத்தவர் கோடில் போட்ட கமெண்டுகளைத் தனியாகத் தேடி எடுக்க வேண்டும். டிக்கெட்டுகள், ஆன்கால் அட்டவணை, காலண்டர், புதுப்பிள்ளைகள் இரண்டு பேரும் சாட்டில் உங்களைக் கேட்ட கேள்விகள், போனில் இருக்கும் போட்டோக்கள்கூட. மாதம் மாதமாக ஒரு நோட்டில் எழுதுங்கள். நல்லதா கெட்டதா என்று அப்போது தீர்ப்பு எழுதாதீர்கள், நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

நான் இதைப் போன டிசம்பர் கடைசியில் செய்தேன். எனக்குக் கிடைத்தது பெருமைப்படுகிற மாதிரியான விஷயம் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, விடியற்காலை ஐந்தரை மணி. அடுப்பில் பால், வெளியே கோவைக் குளிர், போன் அதிர ஆரம்பித்தது. ஐந்தரை என்றதுமே வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் நம் ஐந்தரை மணி உலகப் பொது நேரமான யூ.டி.சி.யில் நள்ளிரவு பன்னிரண்டு, காலாவதியாகிற எதுவும் காலாவதியாகிற நேரம். நினைத்தபடியே ஒரு கூட்டாளி நிறுவனத்தோடு பேசும் இணைப்பின் சர்டிபிகேட் (அந்தப் பக்கம் இருப்பது யார் என்று உறுதி செய்யும் டிஜிட்டல் சான்று) காலாவதி ஆகியிருந்தது. நினைவூட்டல் மெயில் முப்பது நாளுக்கு முன்பும், ஏழு நாளுக்கு முன்பும், முந்தின நாளும் சரியாகத்தான் போயிருக்கிறது, மார்ச் மாதமே வேலையை விட்டுப் போன ஒருவரின் மெயில்பாக்ஸுக்கு. புதுசு வாங்கிப் போட்டு எல்லாம் பழையபடி ஓட இரண்டே கால் மணி நேரம். பால் பொங்கிக் கரிந்துபோனது, அந்தப் பாத்திரத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

‘எதிர்பாராமல் நடந்தது’ என்றுதான் என் ஞாபகத்தில் பதிந்திருந்தது. டிசம்பரில் சாட்டைப் புரட்டினால், ஏப்ரல் மாதம் எங்கள் டீமின் சின்னப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டிருக்கிறாள்: "மேம், இந்த சர்டிபிகேட் ரிமைண்டர் இப்ப யாருக்கு வருது?" அதற்கு நான் ஒரு கட்டைவிரலை உயர்த்தியிருக்கிறேன். அவ்வளவுதான். கேள்விக்குக் கட்டைவிரல்! போனவரின் ஹேண்ட்ஓவர் ஷீட்டில் ‘சரிபார்த்தேன்’ என்று போட்டதும் நான்தான். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, நீ ஏப்ரலிலேயே கேட்டிருக்கிறாய், நான் கவனிக்கவில்லை என்று சொன்னேன். அவளுக்கு ஞாபகம் இருந்தது. இத்தனை நாள் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

பொதுவில் பிரௌசர்கள் நம்பும் சர்டிபிகேட்டுகளின் ஆயுள் 2026 மார்ச் வரை அதிகபட்சம் 398 நாள். 2026 மார்ச் 15 முதல் அது 200 நாள், 2027 மார்ச்சில் 100, 2029 மார்ச்சில் 47. 2025 ஏப்ரலில் ஓட்டுப் போட்டு முடிவு செய்துவிட்டார்கள். மெயிலில் வரும் நினைவூட்டலை நம்பிக் காலம் தள்ள இனி முடியாது. என் 2026 திட்டத்தின் முதல் வரி அதுதான், அதை எந்த டெமோவிலும் காட்ட முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

இப்போது கொஞ்சம் கசப்பான இடம். ‘ஏ.ஐ. கொடுக்கிற கோடை அப்படியே போட்டேன்’ என்கிறீர்கள். கடிதத்தில் ஓரமாகச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள், ஆனால் உங்களை அரிப்பது அதுதான் என்று எனக்குப் படுகிறது. 2025 ஜூலையில் மெட்ர் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. அனுபவமுள்ள ஓபன் சோர்ஸ் டெவலப்பர்கள் 16 பேர், அவர்களுக்கு நன்றாகப் பழக்கமான சொந்த ப்ராஜெக்டுகள், 246 வேலைகள். சிலவற்றுக்கு ஏ.ஐ. அனுமதி, சிலவற்றுக்கு இல்லை. ஆரம்பிக்கும் முன் 24 சதவீதம் நேரம் மிச்சமாகும் என்று நினைத்தார்கள், முடித்த பிறகும் 20 சதவீதம் மிச்சமானதாகவே நம்பினார்கள். கடிகாரம் பார்த்தால் 19 சதவீதம் கூடுதலாக ஆகியிருந்தது. இதை வைத்து ஏ.ஐ. உதவாது என்று சண்டைக்குப் போகாதீர்கள், அது 2025 தொடக்கத்தில் இருந்த கருவிகள், பதினாறே பேர், எல்லா வேலைக்கும் பொருந்தாது. நானும் தினமும் பயன்படுத்துகிறேன், டெஸ்ட் எழுத அது எனக்குப் பெரிய உபகாரம். அந்த ஆய்வில் எனக்கு உறைத்தது வேறு: செய்து முடித்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதையே அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. நீங்களும் நானும் டிசம்பரில் உட்கார்ந்து ஒரு முழு வருடத்தை ஞாபகத்தில் எடை போடுகிறோம்.

அதனால் கடைசி நாலு மாத கமிட்டுகளை (நீங்கள் பதிவு செய்த கோடு மாற்றங்களை) மட்டும் இன்னொரு முறை பாருங்கள். ஒவ்வொன்றையும் திறந்து, பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, இந்த வரி ஏன் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாதவற்றுக்குக் குறி போடுங்கள். பேமெண்ட் சர்வீஸ் என்பதால் ரீட்ரை வருகிற இடங்களை முதலில் பாருங்கள். டைம்அவுட் ஆனால் மறுபடி அனுப்பு என்று ஏ.ஐ. அழகாக எழுதிக் கொடுக்கும், ஆனால் முதல் தடவை அனுப்பியது உண்மையில் போய்ச் சேர்ந்து பதில் மட்டும் வராமல் இருந்தால் வாடிக்கையாளர் கணக்கிலிருந்து இரண்டு முறை பணம் போகும். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு தனி அடையாள எண் போய், அந்தப் பக்கம் அதைச் சரிபார்க்கிறதா என்று பாருங்கள். நாலு மாதத்தில் ஐந்தாறு இடம் தேறும், ஒரு வாரத்தில் சரி செய்துவிடலாம். அப்பாவை ஐ.சி.யு.வில் விட்டு வந்த களைப்பு தீராமல் ஆகஸ்ட் கடைசியில் வேலைக்குத் திரும்பியவர் செப்டம்பரில் குறுக்குவழியில் போனார் என்றால் அதைச் சோம்பேறித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். ஜனவரியிலும் அப்படியே போய்க்கொண்டிருந்தால் சொல்வேன்.

அப்பா விஷயம். அதை ஃபாரத்தில் மன்னிப்பு மாதிரி எழுதாதீர்கள். எடுத்த விடுப்பு உங்கள் விடுப்பு. ஆனால் உங்கள் மேனேஜரிடம் நேரில், ஃபாரம் போடுவதற்கு முந்தைய வாரமே, இந்த வருடம் எனக்குப் பத்து மாத வருடம், அந்தக் கணக்கில் பாருங்கள் என்று சொல்லிவிடுங்கள். ரேட்டிங் போடும் கூட்டத்தில் உங்களுக்காகப் பேசப்போவது அவர்தான், அவருக்குப் பேச ஏதாவது கையில் கொடுக்க வேண்டும். அவர் நல்லவராக இருந்தால் அது போதும். இல்லையென்றால் அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

இனி ஃபாரம். 1982இல் ஆப்பிளில் லிசா கம்ப்யூட்டர் செய்துகொண்டிருந்தபோது, இந்த வாரம் எத்தனை வரி கோடு எழுதினீர்கள் என்று எல்லோரும் ஃபாரம் நிரப்ப வேண்டும் என்று மேனேஜர்கள் உத்தரவு போட்டார்கள். அந்த டீமின் ப்ரோகிராமர் பில் அட்கின்சன் அப்போதுதான் படம் வரையும் பகுதியில் ஒரு பெரிய துண்டைத் திருத்தி எழுதி, பல மடங்கு வேகமாக்கி, இரண்டாயிரம் வரியைக் குறைத்திருந்தார். ஃபாரத்தில் மைனஸ் 2000 என்று எழுதிக் கொடுத்தார். சில வாரத்தில் அவரிடம் ஃபாரம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அவர் 2025 ஜூனில் காலமானார், செய்தி வந்த அன்று எங்கள் ஆபீஸ் கேண்டீனில் இந்தக் கதைதான் ஓடியது. உங்கள் கம்பெனியில் மைனஸ் 2000 என்று எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், ஆகவே எழுதாதீர்கள். அட்கின்சனுக்குக் கேட்காமலே புரிந்துகொள்ளும் ஆட்கள் இருந்தார்கள், நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டும்.

‘சர்வீஸை ஜாவா 17க்கு மாற்றினேன்’ என்று எழுதினால் படிப்பவர் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். இப்படி எழுதுங்கள் (ஆங்கிலத்துக்கு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்): "2023 நவம்பரிலேயே இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன ஸ்பிரிங் பூட் 2இல் ஓடிக்கொண்டிருந்த செட்டில்மென்ட் சர்வீஸைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். மாற்றும்போது, செப்டம்பர் தேதிகளை மட்டும் படிக்க முடியாத பிழையை மே மாதமே பிடித்துச் சரி செய்தேன். விட்டிருந்தால் செப்டம்பர் 1 காலை செட்டில்மென்ட் நின்றிருக்கும்." அந்த சர்வீஸ் ஒரு நாளில் எத்தனை பரிவர்த்தனையைக் கையாள்கிறது என்ற எண் உங்களிடம் இருக்கும், அதையும் சேருங்கள். ஆன்காலுக்கும் அப்படித்தான்: ‘ஆன்கால் பார்த்தேன்’ என்று நிறுத்தாமல், ஜனவரியில் வாரத்துக்கு எத்தனை அலாரம், டிசம்பரில் எத்தனை என்று எடுத்துப் பாருங்கள். குறைந்திருந்தால் எழுதுங்கள், குறையாவிட்டால் ஏன் என்று எழுதுங்கள். அந்த இரண்டு பிள்ளைகள் இப்போது தனியாக ஆன்கால் எடுக்கிறார்களா? எடுத்தால் அது தனி வரி.

டெமோ காட்டியவர் மேல் பொறாமை வந்ததா, வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். கைதட்டல் வாங்குவதும் ஒரு வேலைதான், அதை நம்மில் பலர் கற்றுக்கொள்ளாமலே விட்டுவிட்டு மேடை ஏறுபவரைக் குறை சொல்கிறோம். அந்த ஏஜெண்ட் உண்மையான ப்ரொடக்‌ஷனில் ஓடுகிறதா, இரவு இரண்டு மணிக்கு விழுந்தால் யாருக்குப் போன் வரும் என்று மட்டும் அவரிடமே நட்பாகக் கேளுங்கள். பதில் இருந்தால் அவரிடம் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது. இல்லாவிட்டால் அந்தப் போன் உங்களுக்குத்தான் வரப்போகிறது, அதனால் இப்போதே சேர்ந்து உட்கார்ந்துவிடுவது நல்லது.

லே-ஆஃப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 2025 ஜூலையில் டி.சி.எஸ். ஏறக்குறைய 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்த பிறகு எனக்கு வருகிற கடிதம் எல்லாவற்றிலும் அது அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு இந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டே பாதி மருந்து, ரெஸ்யூமை அதிலிருந்து எடுத்து எழுதிக்கொள்ளலாம். மீதிப் பாதி ஆறு மாதச் செலவுக்குப் பணம், அது அப்பாவின் ஆஸ்பத்திரி பில்லுக்குப் பிறகு கஷ்டம் என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். ஆஸ்பத்திரிக் கணக்கில் கம்பெனி இன்ஷூரன்ஸிலிருந்து வர வேண்டியது ஏதாவது பாக்கி இருந்தால் ஃபைலை இந்த மாதமே நகர்த்துங்கள்.

அப்புறம் ஒரு உதவி. எங்கள் டீமில் வரும் ஜூனில் இதே மாதிரி ஒரு பழைய சர்வீஸை ஜாவா 8லிருந்து ஏற்றப்போகிறோம். அந்த செப்டம்பர் பிழையை மூன்று நாளில் எப்படிப் பிடித்தீர்கள், முதலில் எங்கே தேடி ஏமாந்தீர்கள் என்பதை ஒரு பக்கம் எழுதி அனுப்ப முடியுமா? உங்கள் கம்பெனி விவரம் எதுவும் வேண்டாம், தேதி விஷயம் மட்டும் போதும். ஏப்ரலில் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணிடம்தான் இந்த வேலையைக் கொடுத்திருக்கிறேன். அவளிடம் உங்கள் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன், உடனே போய் எங்கள் கோடில் பிரிட்டன் லொகேல் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று தேடிவிட்டு வந்தாள். பதினேழு இடமாம்.